சிவப்புப் புள்ளி சொன்ன பொய்

வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டுக்குள் நுழைந்தால் ரோட்டின் இருபுறமும் ஃபவுண்டரிகளும் உருக்கு ஆலைகளும் தொடங்கிவிடும். அவற்றில் ஒன்றுக்கு அவ்வப்போது கம்ப்யூட்டர் அனாலிசிஸ் செய்துகொடுக்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில். எங்கள் பக்கம் பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும். வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ்தான். கோயம்புத்தூரிலிருந்து பம்பு கம்பெனிக்காரர்கள் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வார்க்க இங்கே வருவார்கள். அப்படி வந்த ஒரு கேசிங்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

உள்ளே தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கணக்குப் போட்டதில், கேசிங்கின் பக்கவாட்டு ரிப் (வலுவுக்காக வைத்த விலா) ஒன்றின் அடியில் கடுகளவு சிவப்புப் புள்ளி. சிவப்பு என்றால் அங்கே தகைவு, அதாவது பொருளுக்குள் ஒரு சதுர அளவில் விழும் விசை, மிக அதிகம் என்று அர்த்தம். 900 மெகாபாஸ்கல் என்று காட்டியது. வார்ப்பிரும்போ எஃப்.ஜி. 260 தரம். அந்த 260 என்பதே இழுத்தால் தாங்கும் மெகாபாஸ்கல் கணக்குதான். அப்படிப் பார்த்தால் அந்தக் கேசிங் முதல் நாள் தண்ணீர் ஏறும்போதே பிளந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பதறிப்போய், ரிப்பின் அடியைத் தடிமனாக்கச் சொல்லிவிட்டார். பேட்டர்னை, அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரியை, திருத்த வேண்டியவர் மரப் பேட்டர்ன் செய்யும் பெரியவர். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, இந்த எடத்துலயா ஒடையும்ங்கறீங்க?"

"கம்ப்யூட்டர் அப்படித்தானுங்கண்ணா சொல்லுது."

"பதினாறு வருசமா இந்த பேட்டர்ன்லதான் ஊத்தறோம். ஒடஞ்சு திரும்பி வந்த ரெண்டு மூணும் கழுத்துப் பக்கம்தானுங். ரிப்புல ஒண்ணுகூட இல்லீங்."

பெரியவர் சொன்னதுதான் சரி. தப்பு இரும்பில் இல்லை, கணக்குக்காக உருவத்தைத் துண்டுதுண்டாக வெட்டி நான் போட்ட மெஷ்ஷில் இருந்தது. இத்தனைக்கும் மெஷ் அறிக்கையில் சராசரித் தரம் ஒன்றுக்கு 0.78. நல்ல மதிப்பெண்தான். அந்தச் சராசரியை நம்பியதுதான் நான் செய்த தவறு.

ஒரு பொருளின் மேல் விசை விழும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் சமன்பாடுகள் உண்டு. ஆனால் பம்பு கேசிங் போன்ற கோணல்மாணல் உருவத்துக்கு அவற்றை நேராகத் தீர்க்க முடியாது. அதனால் உருவத்தைச் சின்னச்சின்ன துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எளிமையான விடை ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மூலைகளில் தைத்துவிடுகிறோம். துண்டுக்கு எலிமென்ட் என்று பெயர், மூலைக்கு நோட், மொத்தத் தையலுக்கு மெஷ். 1943-ல் ரிச்சர்ட் கூரன்ட் முறுக்கு விசைக் கணக்கு ஒன்றுக்காக ஒரு பரப்பை முக்கோணங்களாகப் பிரித்துக் காட்டினார். 1960-ல் ரே கிளஃப் இந்த முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர் வைத்தார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தட்டையான தகடு என்றால் முக்கோணம் போதும். திண்மப் பொருளுக்கு நான்முகி வேண்டும்: நான்கு முக்கோணங்களை ஒட்டிச் செய்த பிரமிடு, நான்கு மூலை, ஆறு விளிம்பு. எப்படிப்பட்ட உருவத்தையும் நான்முகிகளாக வெட்டிவிட மென்பொருளுக்குத் தெரியும். மனிதக் கை படாமல் அது வெட்டித்தரும் மெஷ்ஷில் லட்சக்கணக்கான துண்டுகள் இருக்கும். பெரும்பாலானவை கொழுகொழுவென்று நன்றாக இருக்கும். சில மட்டும் சிராய் போல இருக்கும். துறையில் அதற்கு ஸ்லிவர் என்றே பெயர்.

ஸ்லிவரைப் புரிந்துகொள்ள ஒரு பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு குச்சி, நெடுக்கே ஒரு குச்சி, சுற்றிலும் நூல். இரண்டு குச்சியும் 10 செ.மீ. நீளம் என்றும், நடுவில் ஒன்றையொன்று தொடாமல் 1 மி.மீ. விலகி இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது குச்சிகளின் நான்கு முனைகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகள். குச்சிகள் இரண்டும் சுற்று நூலின் நான்கு பக்கங்களும் அதன் ஆறு விளிம்புகள். விளிம்புகளை அளந்தால் நூல் 7 செ.மீ. சொச்சம், குச்சி 10 செ.மீ. எதுவும் கூழையில்லை. முகங்களைப் பார்த்தால் நான்குமே 45, 45, 90 பாகை முக்கோணங்கள், பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் மூலைமட்டம் மாதிரி. எந்த முகத்திலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. கன அளவு 1.7 கன செ.மீ. கூட வராது. எல்லா விளிம்பும் 10 செ.மீ. உள்ள ஒழுங்கான நான்முகிக்கு அது ஏறக்குறைய 118. இரண்டு முகங்கள் சந்திக்கும் விளிம்பில் உள்ளுக்குள் எவ்வளவு திறப்பு என்பதை இருமுகக் கோணம் என்பார்கள். ஒழுங்கான நான்முகியில் ஆறு விளிம்பிலும் அது 70.53 பாகை. நம் பட்டத்தில் நூல் ஓடும் நான்கு விளிம்பிலும் 1.6 பாகை, குச்சி ஓடும் இரண்டிலும் 177.7 பாகை. அப்பளம் என்று சொன்னாலும் மிகை. அப்பளத்துக்காவது கொஞ்சம் தடிமன் உண்டு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு துண்டு நல்லதா கெட்டதா என்று சொல்லும் அளவுகோல்கள் பல. நான்கு மூலைகளையும் தொட்டுச் செல்லும் கோளத்தின் ஆரத்தை மிகக் குட்டையான விளிம்பால் வகுப்பது அதில் ஒன்று. ஒழுங்கான நான்முகிக்கு அது 0.61, குறைவாக இருந்தால் நல்லது. பட்டத்துக்கு 0.71. நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்துவிடும்! உள்ளே அடங்கும் கோளத்தின் ஆரத்தை மூன்றால் பெருக்கி, வெளிக்கோளத்தின் ஆரத்தால் வகுத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: ஒழுங்கானதற்கு 1, பட்டத்துக்கு 0.03. எந்த அளவுகோலில் 0.78 வாங்கியது என்று கேட்காமல் மெஷ் அறிக்கையை நம்பக் கூடாது என்பதை இதற்குப் பிறகுதான் பழகிக்கொண்டேன்.

சரி, ஒல்லியாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? கெடுதல் இரண்டு வகை. குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, விரிந்த கோணத்தின் கெடுதல். எலிமென்ட்டுக்குள் இடப்பெயர்ச்சியை மூலைகளிலிருந்து ஊகிக்கிறோம். தகைவு வருவது இடப்பெயர்ச்சியிலிருந்து அல்ல, அது இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதிலிருந்து. பட்டத்தின் இரண்டு குச்சிகளும் நடுவில் 1 மி.மீ. தள்ளி இருக்கின்றன. மேல் குச்சியின் நடுவில் ஊகித்த மதிப்புக்கும் கீழ்க் குச்சியின் நடுவில் ஊகித்த மதிப்புக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும், அதை 1 மி.மீ.ஆல் வகுக்கும்போது பூதாகரமாகிவிடும். என் 900 மெகாபாஸ்கல் இப்படிப் பிறந்ததுதான். தட்டையான முக்கோணங்களில் உண்மையில் ஆபத்தானது 180-ஐ நெருங்கும் பெரிய கோணம்தான், சின்னக் கோணம் மட்டும் இருந்தால் பிழை அவ்வளவு வளராது என்று 1976-ல் பாபுஷ்காவும் அஸீஸும் நிறுவினார்கள்.

இரண்டாவது, குறுகிய கோணத்தின் கெடுதல். அது கணக்குப் போடும் இயந்திரத்தைப் படுத்தும். லட்சக்கணக்கான சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும்போது, சிராய்த் துண்டுகளின் விறைப்பு மற்றவற்றைவிடப் பலமடங்கு ஏறி நிற்பதால் விடை சீக்கிரம் கூடி வராது. மோதல், அதிர்ச்சி போன்ற கணக்குகளில் இன்னும் மோசம். அங்கே நேரத்தை எவ்வளவு சின்னத் துணுக்காக நகர்த்தலாம் என்பதை மெஷ்ஷிலேயே ஒல்லியான துண்டுதான் தீர்மானிக்கும். ஒலியலை அதைக் கடக்கும் நேரத்துக்கு மேல் தாவ முடியாது. எஃகில் அலை நொடிக்கு 5,000 மீட்டர் அளவில் போகும். விளிம்பு 10 மி.மீ. உள்ள நல்ல நான்முகியின் உயரம் 8 மி.மீ. அதே குச்சியளவில் உள்ள பட்டத்தின் உயரம் 0.2 மி.மீ. ஒரே ஒரு பட்டம் நடுவில் சிக்கினால் மொத்தக் கணக்கும் நாற்பது மடங்கு இழுக்கும். ராத்திரி ஓட்டிவிட்டுத் தூங்கப் போனவன் அடுத்த மாதம்தான் விடை பார்ப்பான்.

பொய்யான சிவப்புப் புள்ளியால் எனக்கு நேர்ந்தது வீண் செலவும் வெட்கமும்தான். இதன் மறுபக்கம் பயங்கரமானது: இருக்க வேண்டிய சிவப்பு காணாமல் போவது. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளத்தை ஸ்டாவாங்கர் அருகே கடல் கழியில் மெல்ல அமிழ்த்திச் சோதித்தார்கள். 65 மீட்டர் ஆழத்தில் அறைச்சுவர் ஒன்று வெடித்துத் தண்ணீர் புகுந்தது. அத்தனையும் அடியில் போய் நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, நட்டம் 70 கோடி டாலர் அளவில். அடியில் மோதியபோது நிலநடுக்கமானிகளில் ரிக்டர் அளவில் 3.0 பதிவானது. மூன்று சுவர்கள் சந்திக்கும் இடத்தில் நறுக்குவிசையை (வெட்டிப் பிரிக்கப் பார்க்கும் விசையை) ஃபைனைட் எலிமென்ட் கணக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டியதும், அந்த மூலையின் கம்பி வேலைப்பாடு போதாமல் இருந்ததும் காரணம் என்று விசாரணை சொன்னது. சில எலிமென்ட்களின் வடிவம் சரியில்லாததும் அதில் பங்கு. விபத்துக்குப் பிறகு கவனமாக மெஷ் போட்டுக் கணக்கிட்டபோது, 62 மீட்டரில் உடையும் என்று வந்தது. அதே சமன்பாடு, அதே கான்கிரீட். துண்டுகளை வெட்டிய விதம்தான் வேறு.

அப்படியானால் ஏன் எல்லாத் துண்டையும் ஒழுங்கான நான்முகியாகவே வெட்டக் கூடாது? முடியாது. கனசதுரப் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். ஒழுங்கான நான்முகிகளை அப்படி அடுக்கலாம் என்று அரிஸ்டாட்டில்கூட நினைத்தார், நடக்காது. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்தை வைத்தால் ஐந்து எழுபதரை சேர்ந்து 352.6 பாகைதான் ஆகும். ஏழு பாகைக்குக் கொஞ்சம் மேல் சந்து விழும். ஆறாவது நுழையாது. இந்த ஏழு பாகைச் சந்தை எங்காவது யாராவது விட்டுக்கொடுத்துத்தான் அடைக்க வேண்டும். சமதளத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆறு சமபக்க முக்கோணங்கள் அச்சடித்தாற்போல ஒரு புள்ளியைச் சுற்றி உட்காரும். முப்பரிமாண மெஷ் தட்டை மெஷ்ஷைவிட ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1934-ல் போரிஸ் டெலோனே தந்த விதி இன்றைக்கும் மெஷ் மென்பொருள்களின் முதுகெலும்பு: எந்தத் துண்டின் வெளிக்கோளத்துக்குள்ளும் வேறொரு புள்ளி விழாதபடி புள்ளிகளை இணைக்க வேண்டும். சமதளத்தில் இதன்படி செய்தால் கையிலிருக்கும் புள்ளிகளுக்குச் சின்னக் கோணம் எவ்வளவு பெரியதாக முடியுமோ அவ்வளவு பெரியதாகும். முப்பரிமாணத்தில் அந்த வரம் கிடையாது. நம் பட்டத்தின் வெளிக்கோளத்துக்குள் வேறு புள்ளி இல்லையென்றால், டெலோனே விதி அதைக் கைகுலுக்கி உள்ளே விட்டுவிடும். எனவே முதலில் விதிப்படி ஒரு மெஷ் போட்டு, பிறகு அதைத் திருத்துவது என்று வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

திருத்துவதில் எல்லோரும் முதலில் கை வைப்பது நோட்டை நகர்த்துவது. ஒரு நோட்டை அதன் அண்டை நோட்டுகளின் சராசரி இடத்துக்குத் தள்ளிவிட வேண்டியது. லாப்லேசியன் ஸ்மூத்திங் என்பார்கள். நாலு வரியில் எழுதிவிடலாம், வேகமாகவும் ஓடும், படத்தில் பார்க்க அழகாகவும் ஆகும். ஆனால் குழிவான இடத்தில் நோட் எல்லையைத் தாண்டி வெளியே போய், துண்டு உள்வெளியாகப் புரண்டுவிடும். பாவாடையைத் திருப்பிப் போட்ட மாதிரி. கன அளவு மைனஸில் வந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். தரம் கூடினால் மட்டும் நகர்த்து, இல்லையேல் விட்டுவிடு என்று ஒரு காவல் போட்டால் இந்த விபத்து தவிரும். அப்போதும் சராசரிதான் ஏறும். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை ஏற்றுவதும் கடைசி பெஞ்சுக்காரனைப் பாஸ் பண்ண வைப்பதும் ஒன்றா? கடைசி பெஞ்சுக்காரனைக் கவனிக்க, நோட்டைச் சுற்றியுள்ள துண்டுகளில் மிக மோசமானது எது என்று பார்த்து, அதன் தரம் ஏறும் திசையிலேயே நகர்த்த வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும். செலவழித்த நேரத்துக்குப் பலன் உண்டு.

ஆனால் எவ்வளவு நகர்த்தினாலும் தீராத சிக்கல் உண்டு: இணைப்பே தப்பாக இருப்பது. அங்கே நோட்டைத் தொடாமல் இணைப்பை மாற்ற வேண்டும். இரண்டு நான்முகிகள் ஒரு முக்கோணச் சுவரைப் பொதுவாக வைத்திருக்கின்றன என்று கொள்ளுங்கள். சுவரை எடுத்துவிட்டு, மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு ஒரு கம்பி இழுத்தால் அதே இடத்தில் மூன்று நான்முகிகள். தலைகீழாகவும் செய்யலாம், மூன்று இரண்டாகும். சில பட்டங்கள் இந்த ஒரே மாற்றத்தில் காணாமல் போய்விடும். கம்பி சுவருக்குள்ளேயே ஊடுருவிப் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மூன்றாவது ஆயுதம் புதுப் புள்ளி வைப்பது, அல்லது இருக்கும் புள்ளியை எடுப்பது. 2007-ல் பிரையன் கிளிங்னரும் ஜோனதன் ஷூச்சக்கும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பிரயோகிக்கும் முறை ஒன்றைக் காட்டினார்கள். வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மிக மோசமான துண்டையே குறிவைத்து அடித்துக்கொண்டே போவது. பெரும்பாலான மெஷ்களில் எல்லா இருமுகக் கோணங்களும் 31-க்கும் 149-க்கும் நடுவே வந்துவிட்டன. மூன்றில் எந்த இரண்டை வைத்துச் செய்தாலும் இந்த அளவு வரவில்லை என்பதுதான் அவர்கள் காட்டியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு பட்டனை அழுத்தி ஸ்மூத்திங் மட்டும் செய்துவிட்டு மெஷ்ஷைத் திருத்திவிட்டேன் என்பவர்கள் (நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதான்) கவனிக்க வேண்டிய இடம் இது. ஜிமெஷ், டெட்ஜென் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இந்த வேலைகளுக்கு வசதி இருக்கிறது.

என் கேசிங்குக்கு இதெல்லாம் செய்தும் அந்தப் புள்ளி மட்டும் அசையவில்லை. மோசமான பத்துத் துண்டுகளைத் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ரிப்பின் அடியை உருட்டியிருந்த வளைவும் கேசிங் உடம்பின் வளைவும் சந்திக்கும் இடத்தில், கேட் படத்தில் (கம்ப்யூட்டரில் வரைந்த வடிவப் படம்) 0.05 மி.மீ. அகலத்துக்கு ஒரு நாடா மிஞ்சியிருந்தது. வரைந்தவர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. மெஷ் போடும் மென்பொருளுக்கு அது ஒரு சட்டம்: இரண்டு கரையிலும் நோட் வைத்தே ஆக வேண்டும். 5 மி.மீ. துண்டுகளுக்கு நடுவில் 0.05 மி.மீ. நாடா வந்தால் சிராயைத் தவிர வேறென்ன பிறக்கும்? எல்லையில் உட்கார்ந்திருக்கும் நோட்டை அந்த எல்லையை விட்டு நகர்த்தத் திருத்தும் முறைகளுக்கு உரிமை கிடையாது. பெரியவரிடம் அந்த இடத்தைக் காட்டினேன். விரலால் மரப் பேட்டர்னில் அதே மூலையைத் தடவிவிட்டு, "இங்க அப்படி ஒண்ணும் இல்லீங்களே, நான்தான் உப்புத்தாள் போட்டு ஒண்ணாக்கிட்டனே" என்றார். கேட் படத்திலும் அதையே செய்ய வேண்டியிருந்தது. நாடாவைப் பக்கத்து முகத்தோடு சேர்த்துவிட்டு மெஷ் போட்டேன். ஸ்லிவர் ஒன்றுகூட அங்கே இல்லை. மெஷ்ஷின் தரக்குறைவில் பாதி, மெஷ் தொடங்கும் முன்பே படத்தில் தீர்க்க வேண்டியது என்பது என் அனுபவம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சிவப்பும் மெஷ்ஷின் பொய்யல்ல. உட்பக்கம் கூராக மடங்கும் மூலையில், சமன்பாடே தகைவை முடிவில்லாமல் ஏற்றும். அங்கே துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறிக்கொண்டே போகும். அதனால் துண்டளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். எண் ஓரிடத்தில் வந்து நின்றால் நம்பலாம். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கூர்மூலை. அங்கே உண்மையான வார்ப்பில் இருக்கும் உருட்டலைப் படத்திலும் வைக்க வேண்டும். ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, இடம் மாறித் துள்ளினால் சிராய்.

நல்ல துண்டு என்றால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்பதும் எப்போதும் சரியல்ல. எங்கள் ஊர்க் காற்றையே எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரிப் பக்கம், தெற்கே ஆனைமலை. ஆடி மாதம் அந்த வாய் வழியாகப் புகும் காற்றில் எங்கள் கரும்பனைகள் ஒருபக்கமாகவே சாய்ந்து நிற்கும். கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் 1990களிலேயே 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பதை நட்டதும் அதை நம்பித்தான். இந்தக் காற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டுமென்றால், தரையை ஒட்டிய முதல் சில மீட்டரில் வேகம் செங்குத்தாகச் சடசடவென்று மாறும். கிடைமட்டமாகவோ நூறு மீட்டர் நடந்தாலும் பெரிய மாற்றமில்லை. அங்கே நீளம் 30 மீட்டர், அகலம் 30 மீட்டர், உயரம் 1 மீட்டர் உள்ள தோசைக்கல் போன்ற பெட்டிகள்தான் சரியான துண்டு. எல்லாப் பக்கமும் 1 மீட்டர் என்று பிடிவாதம் பிடித்தால் எண்ணிக்கை 900 மடங்காகும். விடையில் ஏதும் கூடாது. தட்டையாக இருப்பது குற்றமல்ல. எந்தத் திசையில் மாற்றம் அதிகமோ அந்தத் திசையில் தட்டையாக இருக்க வேண்டும், கோணல் மட்டும் கூடாது.

அதனால்தான் காற்று, தண்ணீர்க் கணக்குகளில் அளவுகோலே வேறு. ஓப்பன்ஃபோம் மென்பொருளில் உள்ள செக்மெஷ், அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு அவற்றின் பொதுச் சுவரை எவ்வளவு செங்குத்தாகக் கடக்கிறது என்று பார்க்கும். 70 பாகைக்கு மேல் சாய்ந்தால் எச்சரிக்கும். கணவாயின் நடுச் சமவெளியில் இது பிரச்சினையே இல்லை. மலம்புழைக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி எழும் இடத்தில்தான் பெட்டிகள் சாயும். அங்கே சரிவைக் கொஞ்சம் மழித்துவிடுபவர்கள் உண்டு. காற்றாலை பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. காற்றாலை அந்தச் சரிவிலேயே நிற்கப் போகிறதென்றால், மெஷ்ஷுக்காக மலையை மாற்றுவது செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுகிற கதைதான்.

கேசிங்குக்கு வருகிறேன். நாடாவை அகற்றி மறுபடி ஓட்டியதில் ரிப்பின் அடி வெளிர்நீலமாகிவிட்டது. 900 இருந்தவரை வண்ண அளவுகோல் முழுவதையும் அது ஒன்றே தின்றுகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்தது. அது போனதும் மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே வந்தன. பெரிய எண் குழாயை இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சுக்குக் கீழே, கழுத்தில் இருந்தது: 140 மெகாபாஸ்கல். துண்டைப் பாதியாக்கியும் 140-ஐ ஒட்டியே நின்றது. பெரியவர் ரிப்பைத் தொடவில்லை. கழுத்தில் 2 மி.மீ. ஏற்ற, பேட்டர்னில் ஒட்டுப்பலகை வைத்துக்கொண்டிருந்தார்.